பெட்டிக்குள்ள செடி, வெளியில புகை: லண்டன் துறைமுகத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும்

ஆசையா ஒரு இன்டோர் பிளான்ட் வாங்கிட்டு வந்து, ரெண்டே வாரத்துல அது இலை மஞ்சளாகி, நுனி கருகி, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறதைப் பாக்காதவங்க நம்மள்ல கம்மி. என்ன ஆச்சுன்னு நெட்ல தேடினா 'பிளான்ட் ஸ்ட்ரெஸ்'னு ஒரு வார்த்தை வரும். அதைப் பத்தி ரொம்ப நுணுக்கமா எழுதி வெச்சிருக்கறவங்கள்ல ஒரு கூட்டம் யாருன்னா, வெளிநாட்டுல வீட்டுக்குள்ள கஞ்சா வளர்க்கறவங்க. கனடாவுல 2018-லேர்ந்து பெரும்பாலான மாகாணங்கள்ல ஒரு வீட்டுக்கு நாலு செடி வரைக்கும் வளர்க்க சட்டமே அனுமதிக்குது. அதனால அங்க டெண்ட், விளக்கு, ஃபேன், ஈரப்பத மீட்டர்னு இது ஒரு பெரிய பொழுதுபோக்கு.

இங்க அப்படி இல்ல. நம்ம நாட்டுல 1985-ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தோட 20-ஆவது பிரிவுப்படி கஞ்சா பயிரிட்டா பத்து வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். வயல்ல வளர்த்தாலும் சரி, பெட்ரூம்ல தொட்டியில வளர்த்தாலும் சரி, சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதனால இந்த எபிசோடு 'எப்படி வளர்க்கறது'ன்னு சொல்றதுக்கு இல்ல. எனக்கு வேற ஒரு கேள்வி இருக்கு. ஒரு செடியை வெளிக்காத்துலேர்ந்து பிரிச்சு, நாலு சுவருக்குள்ள வெச்சு, அதுக்கு வேண்டிய வெயில், ஈரம், காத்து எல்லாத்தையும் நாமளே பாத்துக்கறோம்ங்கற இந்த எண்ணம் மனுஷனுக்கு எப்போ வந்துச்சு? ஏன் வந்துச்சு?

வட சென்னைன்னாலே கஞ்சா, கத்தி, கானான்னு மூணு விஷயத்தை மட்டும் காட்டுறது சினிமாவுக்குப் பழகிப்போச்சு. ஆனா இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனா, நாம வந்து சேர்ற இடம் ராயபுரமும் எண்ணூரும்தான். அங்க செடிக்கு வர்ற ஸ்ட்ரெஸ் வேற கதை.

புகையில செத்த பெரணி

முதல்ல லண்டன். ராயபுரம் மாதிரியே ஒரு ஏரியா. தேம்ஸ் நதிக்கரையில கப்பல் துறைகள், அதை ஒட்டி பட்டறைகள், தொழிற்சாலைகள், நெருக்கமான வீடுகள். அந்தக் கிழக்கு லண்டன்ல வெல்க்ளோஸ் ஸ்கொயர்னு ஒரு இடத்துல நதானியேல் பாக்‌ஷா வார்டுன்னு ஒரு டாக்டர் இருந்தாரு. செடின்னா அவருக்கு உயிர். வீட்டுக்குப் பின்னாடி கல் அடுக்கி, தண்ணி சொட்டற மாதிரி ஏற்பாடு பண்ணி, பெரணியும் பாசியும் வளர்க்கப் பாத்தாரு. எதுவும் தேறல. சுத்தியிருந்த தொழிற்சாலைகளோட நிலக்கரிப் புகையில ஒவ்வொண்ணா செத்துப் போச்சு.

1829-ல அவர் செடிக்காக இல்லாம ஒரு அந்துப்பூச்சிக்காக ஒரு சோதனை பண்ணாரு. ஈர மண் போட்ட கண்ணாடி பாட்டில்ல ஒரு கூட்டுப்புழுவைப் புதைச்சு மூடி வெச்சாரு. பூச்சி எப்போ வெளிய வருதுன்னு பாக்கணும், அவ்வளவுதான். தினமும் பாட்டிலைக் கவனிச்சப்போ ஒரு விஷயம் புரிஞ்சுது. பகல் சூட்டுல மண்ணோட ஈரம் ஆவியாகி மேல போகுது, கண்ணாடியில பட்டுத் துளியாகி மறுபடி மண்ணுக்கே இறங்குது. கொஞ்ச நாள்ல அந்த மண்ணுலேர்ந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தானா முளைச்சுது. வெளியில எவ்வளவோ பாடுபட்டும் வராத பெரணி, மூடின பாட்டிலுக்குள்ள யாரும் தண்ணி ஊத்தாமலே வளருது! கிட்டத்தட்ட நாலு வருஷம் அது உயிரோட இருந்துச்சு. கடைசியில மூடி துருப்பிடிச்சு, மழைத்தண்ணி உள்ள இறங்கித்தான் போச்சு.

இன்னைக்கு நாம டெர்ரேரியம்னு ஆன்லைன்ல வாங்குற கண்ணாடி ஜாடி, வெளிநாட்டுக்காரங்க வாங்குற க்ரோ டெண்ட், ரெண்டுத்துக்கும் மூதாதை இந்த பாட்டில். ஒரு துறைமுக ஏரியாவோட காத்து செடி உயிர் வாழ முடியாத அளவுக்குக் கெட்டுப்போனதாலதான் அது பொறந்துச்சு.

கடல் கடந்த பெட்டி

அந்தக் காலத்துல கப்பல்ல உயிருள்ள செடியை அனுப்பறது சூதாட்டம் மாதிரி. சீனாவிலேர்ந்து இங்கிலாந்துக்குக் கிளம்புற செடிகள்ல ஆயிரத்துக்கு ஒண்ணுதான் பொழைக்குதுன்னு மக்காவ்ல இருந்த ஜான் லிவிங்ஸ்டன்ங்கற டாக்டர் 1819-ல கணக்கு சொல்லியிருக்காரு. உப்புக்காத்து, குளிர், வெயில் மூணும் சேர்ந்து அடிக்கும். நல்ல தண்ணிக்கும் பஞ்சம். மாலுமி குடிக்கறதுக்கே அளந்து கொடுக்கற தண்ணியைச் செடிக்கு யார் ஊத்துவாங்க?

வார்டு 1833-ல ரெண்டு கண்ணாடிப் பெட்டி நிறைய பெரணியும் புல்லும் வெச்சு சிட்னிக்குக் கப்பல்ல அனுப்பினாரு. மாசக்கணக்கான பயணம் முடிஞ்சு பச்சையா போய் இறங்குச்சு. திரும்பி வரும்போது அதே பெட்டியில ஆஸ்திரேலியச் செடிகள். தென் அமெரிக்காவோட தெற்கு முனையில கப்பல் தளத்துல பனி கொட்டுச்சு, பூமத்திய ரேகையைத் தாண்டும்போது வெயில் கொளுத்துச்சு. வழியில தண்ணியே ஊத்தல. செடிங்க நல்லபடியா லண்டன் வந்து சேர்ந்துச்சு. 1842-ல வார்டு இதைப் பத்திப் புத்தகமே எழுதினாரு. அவர் பேராலேயே அதை 'வார்டியன் பெட்டி'ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க.

அப்புறம் அந்தப் பெட்டி பேரரசோட கருவியாயிடுச்சு. சீனாவோட தேயிலைக் கன்னுங்களை ராபர்ட் ஃபார்ச்சூன் இமயமலைப் பக்கம் கொண்டு வந்தது இதுலதான். நம்ம கதைக்கு அதைவிட முக்கியமானது சிங்கோனா. மலேரியாவுக்கு மருந்தான கொயினா அந்த மரப்பட்டையிலேர்ந்துதான் வருது. அது பெரு, ஈக்வடார் பக்கத்து மலைக்காட்டு மரம். அதை மெட்ராஸ் மாகாணத்துல, நீலகிரியில வளர்க்கணும்னு பிரிட்டிஷ் அரசு முடிவு பண்ணி, கிளமென்ட்ஸ் மார்க்கம்ங்கறவரை அனுப்புச்சு.

1860-ல பெருவுலேர்ந்து பெட்டிகளோட அவர் கிளம்பினாரு. பசிபிக் கடல் வழியா நேரா மெட்ராஸுக்கு ஒரு கப்பல் கொடுங்கன்னு கேட்டாரு. கிடைக்கல. பனாமா, இங்கிலாந்து, எகிப்து, செங்கடல், பம்பாய், கோழிக்கோடுன்னு உலகத்தைச் சுத்தி ஊட்டிக்கு வர வேண்டியதாச்சு. குளிர்ந்த மலைச்செடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு செங்கடல் வெயில்ல கொண்டு வந்தா என்ன ஆகும்? வெந்து போச்சு. ஊட்டி வரைக்கும் உயிரோட வந்த கொஞ்ச நஞ்சமும் அப்புறம் செத்துப் போச்சு. உப்புக்காத்துலேர்ந்து காப்பாத்தின அதே கண்ணாடி, வெயில்ல அடுப்பா மாறிடுச்சு.

அடுத்த முறை ராபர்ட் கிராஸ்ங்கற தோட்டக்காரர் ஈக்வடார்லேர்ந்து வந்த சிவப்புப்பட்டை சிங்கோனாவைக் கூடவே இருந்து கவனிச்சுக் கொண்டு வந்தாரு. 1861 ஏப்ரல்ல 463 கன்னு ஊட்டி வந்து சேர்ந்துச்சு. ஊட்டி அரசுத் தோட்டத்தைப் பாத்துக்கிட்டிருந்த வில்லியம் மெக்ஐவர் அதுகளைக் கண்ணாடிக் குடில்ல வெச்சுப் பெருக்கி, தொட்டபெட்டா, நடுவட்டம் பக்கம் நட்டாரு. இந்தத் தடவை பொழைச்சதுக்குக் காரணம், பெட்டி கூடவே ஒரு ஆளும் வந்ததுதான்.

பருவம் தப்பின சணல்

பெட்டி ஈரத்தையும் காத்தையும் பாத்துக்கும், சரி. வெளிச்சம்? அதுக்கான விடையைக் கொடுத்தது கஞ்சாச் செடிதான்.

இந்தச் செடியில ஆண் வேற, பெண் வேற. ஆண் பூவோட மகரந்தம் பட்டுட்டா பெண் பூ விதை பிடிச்சுடும், பிசின் கம்மியாயிடும். பிரிட்டிஷ் காலத்துல அரசு உரிமத்தோட கஞ்சா விளைஞ்ச முக்கியமான இடம் வங்காளத்துல நவகான், இன்னைக்கு வங்கதேசத்துல இருக்கு. அங்க 'பொத்தார்'னு ஒரு தனித் தொழில்காரரையே கூலி கொடுத்துக் கூப்பிடுவாங்க. வயல்ல ஒவ்வொரு செடியா பாத்து, ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்கிப் போடறதுதான் அவர் வேலை. 1893-94-ல இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம்னு அரசு அமைச்ச குழு, நம்ம மெட்ராஸ் மாகாணம் உட்பட நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரிச்சு ஏழு தொகுதி அறிக்கை கொடுத்துச்சு. நவகான் விவசாயத்தோட விவரமெல்லாம் அதுல பதிவாகியிருக்கு.

வயல்ல இருந்த வரைக்கும் எப்போ பூக்கணும்னு செடியே முடிவு பண்ணிக்கிச்சு. கண்ணாடிக் குடிலுக்குள்ள வந்ததும் அது குழம்பிப் போச்சு. பாரிஸ்ல ஜூலியன் டூர்னுவான்னு ஒரு இளம் ஆராய்ச்சியாளர் சணலையும் ஹாப்ஸ் கொடியையும் பருவத்துக்கு முன்னாடியே, குளிர்காலத்துல குடிலுக்குள்ள விதைச்சுப் பாத்தாரு. சணல்னா அதே கஞ்சாச் செடிதான், நாருக்காக வளர்க்கற வகை. செடி கையளவு வளர்றதுக்குள்ளேயே பூத்துடுச்சு. பூவுலயும் கோளாறு. அதைப் பத்தி 1911-ல எழுதினாரு. சூடா, ஈரமா, உரமான்னு ஒவ்வொண்ணா தள்ளிட்டு, கடைசியில காரணம் வெளிச்ச நேரம்னு கண்டுபிடிச்சாரு. பகல் குறையறதைவிட இரவு நீளறதுதான் முக்கியம்னு 1914-ல சொன்னாரு. அதே வருஷம் உலகப்போர்ல உயிரை விட்டாரு. 1920-ல அமெரிக்காவுல கார்னர், அலார்டுன்னு ரெண்டு பேர் புகையிலைச் செடியில இதையே விரிவா நிரூபிச்சாங்க. பேரும் அவங்களுக்குத்தான் அதிகமா போச்சு.

இன்னைக்கு டெண்ட்ல வளர்க்கறவங்க எல்லாம் பயப்படற விஷயம் இதோட தொடர்ச்சிதான். இருட்டு நேரத்துல ஜிப் வழியா கொஞ்சம் வெளிச்சம் கசிஞ்சாலோ, சூடு தாங்காம போனாலோ, பெண் செடியே ஆண் பூவையும் விட ஆரம்பிச்சுடும். தனக்கு ஆபத்துன்னு உணர்ந்த செடி, எப்படியாவது விதை விட்டுட்டுப் போயிடணும்னு எடுக்கற கடைசி முயற்சின்னு இதைப் புரிஞ்சுக்கலாம்.

ஸ்ட்ரெஸ்னா என்ன?

இவ்வளவு கதையையும் சேர்த்துப் பாத்தா விஷயம் எளிமையானது. இலையோட அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. அது வழியாத்தான் செடி மூச்சு விடுது, ஈரத்தை வெளிய விடுது. ஈரம் வெளிய போனாத்தான் வேர் தண்ணியையும் சத்தையும் மேல இழுக்க முடியும். சூடு அதிகமானா தண்ணியைக் காப்பாத்த அந்தத் துளைகளை மூடிக்கும். அப்போ சாப்பாடு தயாரிக்கறதும் நின்னுடும். காத்தோட்டம் இல்லாம புழுங்கினா ஈரம் வெளிய போகாது, பூஞ்சை பிடிக்கும். தண்ணி அதிகமா ஊத்தினா வேருக்குக் காத்து கிடைக்காது. உரம் கூடினா மண்ணுல உப்பு சேர்ந்து நுனி கருகும்.

உங்க வீட்டு மணிபிளான்டுக்கும் இதே கணக்குதான். ஏசி காத்து நேரா படற இடத்துல வெக்காதீங்க. தட்டுல தண்ணி தேங்க விடாதீங்க. விரலை மண்ணுல விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. மாசத்துக்கு ஒரு முறையாவது ஈரத்துணியால இலையைத் துடைங்க. அதுலயும் ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் இருக்கறவங்க மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். துடைச்ச துணியோட நிறமே ஏன்னு சொல்லும்.

நிலக்கரி இடம் மாறிச்சு

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1856-ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பினது ராயபுரம் ஸ்டேஷன்லேர்ந்து. அப்போ மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நிக்கும், சரக்கும் ஆளும் மசூலா படகுல அலையைத் தாண்டிக் கரைக்கு வரணும். 1875-ல துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. கட்டினதுல பெரும்பகுதியை 1881 புயல் உடைச்சுப் போட்டுச்சு, மறுபடி கட்டினாங்க. ரயிலும் துறைமுகமும் வந்ததும் பின்னாடியே ஆலைகள் வந்துச்சு. வெல்க்ளோஸ் ஸ்கொயர்ல நடந்த அதே வரிசை.

நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்தவெளியில குவிஞ்சப்போ, அந்தத் தூசு ராயபுரத்து வீட்டுக்குள்ள, துவைச்சுக் காயப்போட்ட துணியில, சாப்பாட்டுத் தட்டுல வந்து உக்காந்துச்சு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. கட்டடமே துறைமுகத்துக்குப் பக்கத்துலதான், தூசு அங்கேயும் போகும். 2011-ல நீதிமன்றம் சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியையும் இரும்புத்தாதையும் கையாளறதை நிறுத்தச் சொல்லுச்சு. அந்த வருஷம் அக்டோபரோட நிலக்கரி எண்ணூருக்குப் போச்சு. ராயபுரத்துக்கு மூச்சு விட முடிஞ்சுது. அது நியாயமான தீர்ப்புதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா எண்ணூர்லயும் மனுஷங்க இருக்காங்க.

அங்க ஏற்கெனவே என்னவெல்லாம் இருந்துச்சுன்னு பாருங்க. மணலியில 1969-லேர்ந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1970-லேர்ந்து 2017 வரைக்கும் எண்ணூர் அனல்மின் நிலையம். அதுக்கப்புறம் வந்த வடசென்னை அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை, 2001-ல எண்ணூர் துறைமுகம். சாம்பல் குளத்துக்குப் போற குழாய்ங்க உடைஞ்சு கொசஸ்தலை ஆத்துல சாம்பல் கலக்கறதை மீனவர்கள் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டே இருக்காங்க.

எண்ணூர் கழிமுகத்துல அலையாத்தி மரங்கள் இருக்கு. ஸ்ட்ரெஸ் தாங்கறதுல அதைவிடக் கெட்டிக்காரச் செடி கிடையாது. உப்புத்தண்ணியில நிக்கும், அதிகமான உப்பை இலை வழியா வெளிய தள்ளும். சேத்துக்குள்ள காத்து இல்லாததால, பென்சில் மாதிரி வேரை மேல நீட்டி மூச்சு விடும். அந்த வேர்களுக்கு நடுவுலதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளருது. அதை நம்பித்தான் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மாதிரி ஊர்கள் இருக்கு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலியிலேர்ந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியா கழிமுகத்துக்கு வந்துச்சு. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தியோட மூச்சு வேர் எல்லாத்துலயும் கருப்பா ஒட்டிக்கிச்சு. மூச்சு வேர்ல இருக்கற துளைகளை எண்ணெய் அடைச்சா அந்த மரம் மூச்சுமுட்டி நிக்கும். உப்பைத் தாங்கப் பழகின மரத்துக்குத் தாரைத் தாங்கத் தெரியாது. அதே மாசக் கடைசியில எண்ணூர் உர ஆலையோட கடலடிக் குழாய்லேர்ந்து அமோனியா கசிஞ்சு, பெரியகுப்பம் பக்கத்து மக்கள் நடுராத்திரியில வீட்டை விட்டு ஓடினாங்க. எண்ணெயை மீனவர்களே பக்கெட்டால மொண்டு எடுத்ததை நாம எல்லாரும் போன்ல பாத்தோம்.

டாக்டர் வார்டுகிட்ட திரும்பிப் போறேன். அவர் புத்தகத்துல ஏழைகளோட வாழ்க்கை நிலையை மேம்படுத்தறதைப் பத்தியும் ஒரு பகுதி இருக்கு. புகையும் இருட்டும் பெரணியைக் கொல்லுதுன்னா, அங்கேயே குடியிருக்கற மனுஷனை என்ன பண்ணும்னு அந்த ஏரியாவுல வைத்தியம் பாத்தவருக்குத் தெரியாதா? ஆனா உலகம் அவர்கிட்டேர்ந்து பெட்டியை மட்டும் எடுத்துக்கிச்சு. தேயிலையும் சிங்கோனாவும் கடல் தாண்டுச்சு. வெல்க்ளோஸ் ஸ்கொயர் காத்து அப்படியேதான் கிடந்துச்சு.

இன்னைக்கும் அப்படித்தான். ஒரு தொட்டிச் செடிக்கு வர்ற ஸ்ட்ரெஸைத் தடுக்க விளக்கு, ஃபேன், ஃபில்டர், மீட்டர்னு கடை நிறைய சாமான் இருக்கு. வசதி உள்ளவங்க வீட்டுக்கு ஏர் பியூரிஃபையரும் வந்தாச்சு. அதுவும் ஒரு வார்டியன் பெட்டிதான், உள்ள இருக்கறது நாம. கொசஸ்தலை ஆத்தை அப்படி ஒரு பெட்டிக்குள்ள வைக்க முடியாது. குழாய் உடையாம பாத்துக்கறது, ஆலை வாசல்லேயே அளந்து பாத்து அந்தக் கணக்கை ஊருக்குச் சொல்றது, கழிமுகத்தைக் கழிமுகமாவே விட்டு வைக்கறதுன்னு செய்ய வேண்டிய வேலையெல்லாம் வெளியிலதான் இருக்கு.

உங்க ஏரியாவுல காத்தோட தரத்தை அளக்கற நிலையம் எங்க இருக்குன்னு ஒரு முறை தேடிப் பாருங்க. மணலியில எவ்வளவு, உங்க தெருவுல எவ்வளவுன்னு ஒப்பிட்டுப் பாத்துட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.